அடைக்கு வந்த கோழியை என்ன செய்வது? முதல் தடவை கோழி வளர்ப்பவர்களுக்கு

மாடியில் இரண்டு மூன்று நாட்டுக்கோழி வாங்கி விட்டவர்கள் எல்லாருக்கும் இந்த நாள் வரும். நேற்று வரை குப்பையைக் கிளறிக்கொண்டு திரிந்த கோழி முட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். சாயங்காலமாகியும் இறங்காது. தீனி வைத்தால் திரும்பிப் பார்க்காது. கையை நீட்டினால் உடம்பை இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு கொத்த வரும். முட்டைமேல் உட்கார்ந்து குஞ்சு பொரிக்கத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். இதைத்தான் அடைக்கு வருவது என்பார்கள்.

வடசென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் முதல் கோழி இப்படி உட்கார்ந்தபோது நோய் என்றே நினைத்தேன். பூண்டும் மஞ்சளும் அரைத்து இரண்டு நாள் அதன் வாயைத் திறந்து ஊட்டினேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆயா படியேறி வந்தார். கோழியின் வயிற்றுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணும் இல்லம்மா, அடைக்கு வந்துகீது. கை வச்சிப் பாரு, அடுப்பு மாதிரி சுடுது" என்றார். வைத்துப் பார்த்தேன். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை, வெறும் தோல். அந்தச் சூடு இன்னும் கையில் இருக்கிறது.

இன்று என்னிடம் யாராவது "கோழி எழுந்திருக்க மாட்டேங்குது" என்று கேட்டால் முதலில் ஒன்றுதான் சொல்வேன். இரண்டு மூன்று நாளுக்குள் முடிவு எடுத்துவிடுங்கள். ஒன்று முட்டை வையுங்கள், இல்லையென்றால் அடையைக் கலைத்துவிடுங்கள். இரண்டும் செய்யாமல் வெறும் பெட்டியில் வாரக்கணக்கில் உட்கார விடுவதுதான் கோழிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். முட்டையே இல்லாவிட்டாலும் அது இளைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

அடையா, நோயா?

நாட்டுக்கோழி ஒரு ஈட்டில், அதாவது தொடர்ந்து முட்டையிடும் ஒரு சுற்றில், 10 முதல் 15 முட்டை வரை இட்டதும் மூளையிலிருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிறது. முட்டையிடுவது நின்றுபோகும், உட்காரும் ஆசை வந்துவிடும். வயிற்று இறகு உதிர்ந்து, அந்தத் தோலில் ரத்த ஓட்டம் கூடும். முட்டைக்கு நேராகச் சூடு போவதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சிறுவிடை, பெருவிடை, அசில் என்ற நாட்டுக்கோழி இனங்கள் எல்லாம் நன்றாக அடைக்கு வரும். பண்ணை வெள்ளைக் கோழிகளில் இந்தக் குணம் வராதபடி பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டார்கள். அது அடைக்கு வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் கோழியை இரண்டு கையாலும் தூக்கி வெளியே தரையில் வைத்துப் பாருங்கள். அடைக்கோழி ஒரு நிமிடம் கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருக்கும். அப்புறம் திடீரென்று எழுந்து, "கொக்... கொக்..." என்று அடித்தொண்டையில் குரல் கொடுத்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தின்னும், தண்ணீர் குடிக்கும், பெரிய உருண்டையாக எச்சம் போடும். அந்த எச்சம் நாற்றம் தாங்காது. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்தது என்பதால் அப்படி, பயப்பட வேண்டாம். வேலை முடிந்ததும் பெட்டிக்கே ஓடிவிடும்.

நோயாளிக் கோழி இப்படி ஓடாது. கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு ஒரு மூலையில் நிற்கும். நம்மைக் கொத்தக்கூட அதற்குத் தெம்பு இருக்காது. எச்சம் வெள்ளையாகவோ பச்சையாகவோ தண்ணீராகப் போகும். கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். நம் பக்கத்தில் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. கோழிக்கு எதற்கு டாக்டர் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குஞ்சு வேண்டாம் என்றால்

இடம் இல்லை, ஆள் இல்லை, மழைக்காலம், காரணம் எதுவாக இருந்தாலும் சரி. அடையைக் கலைக்க வயிற்றுச் சூட்டைத் தணித்தால் போதும். கம்பிவலை அடிப்பாகம் உள்ள கூண்டு ஒன்று தேவை. அதை நான்கு செங்கல் மேல் தூக்கி, காற்றும் வெளிச்சமும் உள்ள நிழலில் வையுங்கள். உள்ளே வைக்கோல், துணி, சாக்கு எதுவும் போடக்கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். கீழே இருந்து காற்று படப்பட, அடையாகக் குந்திச் சூட்டைச் சேர்த்து வைக்க அதனால் முடியாது. மூன்று நான்கு நாளில் பெரும்பாலும் கலைந்துவிடும். வெளியே விட்டுப் பாருங்கள். பெட்டிக்கு ஓடாமல் மற்ற கோழிகளோடு மேயப் போனால் முடிந்தது. மறுபடி ஓடினால் இன்னும் இரண்டு நாள்.

தண்ணீரில் முக்குவது, பட்டினி போடுவது, மூக்கில் இறகைச் செருகிவிடுவது என்று பழைய வழிகள் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம். கோழியை வதைக்காமலே இந்த வேலை நடக்கும். முதல் நாளே தொடங்கினால் சீக்கிரம் கலையும், பத்து நாள் கழித்துத் தொடங்கினால் இழுக்கும். திரும்ப முட்டையிட இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

குஞ்சு வேண்டும் என்றால், முதலில் முட்டை

கடையில் அட்டையில் அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டையை வைத்தால் ஒரு குஞ்சுகூட வராது. சேவல் சேராத கோழியின் முட்டை அது. நிறம் பழுப்பாக இருப்பதாலேயே "நாட்டு முட்டை" என்று நம்பி வாங்கிவிடவும் கூடாது. அன்றைக்கு ஆயா சொன்ன பிறகு நான் அப்படித்தான் கடையில் பத்து முட்டை வாங்கி வைத்தேன். 21 நாள் அந்தக் கோழி அசையாமல் உட்கார்ந்தது. பத்தும் கூமுட்டை. ஒவ்வொன்றாக எடுத்துப் போடும்போது அது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சேவலோடு சேர்த்து வளர்ப்பவரிடம் நேராகக் கேட்டு வாங்குங்கள். நம் தெருக்களில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். விடியற்காலை நான்கு மணிக்குச் சேவல் கூவினால் மாடிக்கு மாடி சண்டை வரும். அதனால் சேவல் வளர்க்காமல் முட்டை மட்டும் வாங்குவதே பலருக்கு நல்லது. செங்குன்றம், பொன்னேரிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

இட்டு ஒரு வாரத்துக்குள் உள்ள முட்டையாக இருக்கட்டும். நம்முடைய வெக்கையில் நான்கைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வீட்டில் நிழலான, குளுமையான மூலையில் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம். கழுவவும் வேண்டாம், ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே நுழையும். விரிசல் விட்டது, ரொம்பப் பெரியது, ரொம்பச் சிறியது எல்லாம் ஒதுக்கிவிடுங்கள்.

எத்தனை வைப்பது? சிறுவிடைக்கு 8 அல்லது 9, பெரிய கோழி என்றால் 12. எல்லா முட்டையும் வயிற்றுக்குள் மறைய வேண்டும், அதுதான் கணக்கு. ஒன்று வெளியே தெரிந்தாலும் அதிகம். கோழி முட்டைகளைப் புரட்டி இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவில் போகும், நடுவில் இருந்தது ஓரத்துக்கு வரும். இப்படி ஒன்று அதிகமாக இருப்பதால் நான்கைந்து கெட்டுப்போகும்.

உட்காரும் இடம்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காசிமேட்டுப் பக்கம் தெர்மாகோல் மீன் பெட்டி சும்மாவே கிடைக்கிறது என்று அதில் அடை வைக்கிறார்கள். வேண்டாம். கோழி தெர்மாகோலைக் கொத்திக் கொத்தித் தின்னும், சூடும் உள்ளே அடைந்து கிடக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி மரப்பெட்டி, பிரம்புக்கூடை, வாய் அகன்ற மண்சட்டி, இவற்றில் எது கிடைத்தாலும் போதும். அடியில் மூன்று விரல்கடை உயரத்துக்குச் சுத்தமான உலர்ந்த மணல். நடுவில் கையால் அழுத்தி லேசாகக் குழி. மேலே காய்ந்த வைக்கோல். பேன் வராமலிருக்க ஒரு கைப்பிடி காய்ந்த வேப்பிலை அல்லது நொச்சி இலை.

அடுப்புக்கரித் துண்டு, காய்ந்த மிளகாய், இரும்பு ஆணி வைக்கச் சொல்வார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், அதற்குக் காவல் என்று நம்பிக்கை. ஆயா எங்கள் பெட்டியிலும் வைத்தார். நான் எடுக்கவில்லை. ஆணியை மட்டும் காலில் குத்தாதபடி மணலுக்கடியில் புதைத்துவிடுங்கள்.

பெட்டியை வைக்கும் இடம் நாள் முழுக்க நிழலாக, சத்தம் குறைவாக, மற்ற கோழிகள் ஏற முடியாததாக இருக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வைக்கவே கூடாது. ஒரு மே மாதம் நான் வைத்தேன். காலையில் நிழலாகத்தான் இருந்தது. பதினோராவது நாள், கத்திரி வெயிலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால், வாய் திறந்தபடி, இறக்கை இரண்டும் அகல விரிந்து முட்டைகளை மூடியபடி கோழி செத்துக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணம் இரண்டடி தள்ளி இருந்தது. அதற்கு இறங்கிப் போக மனம் வரவில்லை. அதற்குப் பிறகு சித்திரை, வைகாசியில் நான் அடை வைப்பதில்லை. கட்டாயம் வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்குள், கான்கிரீட் கூரைக்குக் கீழே, காற்று வரும் மூலையில் வைக்கலாம். தண்ணீர் உட்கார்ந்தபடியே எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வேறு பிரச்சினை. வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரித் தண்ணீர் நிற்கும் தெருக்களில் தரைத்தளத்தில் அடை வைப்பது ஆபத்து. வெள்ளம் வராவிட்டாலும் வைக்கோல் ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும், குஞ்சுகளின் நுரையீரலுக்கு அது எமன். நம் ஊருக்குத் தை, மாசிதான் சரியான பருவம்.

பெருச்சாளியை மறந்துவிடாதீர்கள். சாக்கடையிலிருந்து ஏறி வந்து ஒரே ராத்திரியில் மொத்த முட்டையையும் உருட்டிக்கொண்டு போய்விடும். சாதாரணக் கோழிவலை அதற்குப் பொருட்டே இல்லை. அரை அங்குல வெல்டு மெஷ் கம்பிவலை அடித்துக் கதவுக்குக் கொக்கி போடுங்கள். எறும்புக்கு, பெட்டி நிற்கும் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள். ஓடு விரிசல் விடும் நேரத்தில் செவ்வெறும்பு புகுந்தால் குஞ்சு உள்ளேயே போய்விடும்.

அடை வைக்கும் நாள்

கோழி முழுதாக அடைக்கு வந்துவிட்டதா என்று உறுதிசெய்ய, முதலில் இரண்டு பழைய முட்டையை வைத்து ஒரு நாள் விடுங்கள். ராத்திரியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் தயார். புது இடத்துக்கு மாற்றுவதும் நல்ல முட்டை வைப்பதும் இருட்டிய பிறகுதான். இருட்டில் கோழி முரண்டு பிடிக்காது, காலையில் விழிக்கும்போது அங்கேயே இருந்ததாக ஏற்றுக்கொள்ளும். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நல்ல முட்டைகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் வையுங்கள், பழைய இரண்டை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வேறு கோழி வந்து அதே பெட்டியில் முட்டையிட்டுப் போகும். கோடு இல்லாததைத் தினமும் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் 21-ஆம் நாள் சிலது பொரிந்து, சிலது பாதி வளர்ந்து நிற்கும். தாய் குஞ்சுகளோடு இறங்கிவிடும், மிச்சம் குளிர்ந்து சாகும். வைத்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த 21 நாள்

பெரும்பாலான வேலையைக் கோழியே பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் கவலை இல்லை. நாம் செய்ய வேண்டியது, நாளுக்கு ஒரு தடவை அது இறங்கித் தின்கிறதா என்று பார்ப்பது. 15, 20 நிமிடம் வெளியே இருக்கும், முட்டை அதற்குள் கெட்டுப்போகாது. சில கோழிகள் பிடிவாதமாக இறங்காது. இரண்டு நாள் இறங்கவில்லை என்றால் நாமே மெல்லத் தூக்கித் தீனிப் பக்கம் விட வேண்டும்.

கம்பு, உடைத்த சோளம், அரிசி கொடுங்கள். தானியம் மெதுவாகச் செரிக்கும், எச்சமும் கெட்டியாக இருக்கும். பக்கத்திலேயே ஒரு தட்டில் மணலும் சலித்த விறகுச் சாம்பலும் கலந்து வைத்தால் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும். கொண்டை வெளுத்து உடம்பு இளைப்பது இயல்புதான். ஆனால் பேன் மொய்த்தால் ரத்தம் வற்றிப்போகும். வாரம் ஒருமுறை இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் இறகை விலக்கிப் பாருங்கள்.

7-ஆம் நாள் ராத்திரி, போனில் டார்ச் போட்டு, முட்டையின் அகலமான முனையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகளும் ஓடினால் கரு பிடித்திருக்கிறது. முதல் தடவை நான் பார்த்தபோது அந்தப் புள்ளி துடித்தது. வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை. நாற்றம் அடிப்பதை உடனே, உடையாமல் எடுத்துவிடுங்கள். உள்ளே வெடித்தால் நல்ல முட்டைகளும் கெடும். 14-ஆம் நாள் இன்னொரு தடவை பார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

18-ஆம் நாளுக்கு மேல் பெட்டியைத் தொடாதீர்கள். தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். கடலோரக் காற்றில் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை.

பொரிக்கும்போது

20-ஆம் நாள் பெட்டிக்குக் கிட்டப் போய்ச் சத்தமில்லாமல் நில்லுங்கள். முட்டைக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு "கீச்" கேட்கும். கோழி தலையைச் சாய்த்து, தாழ்ந்த குரலில் பதில் சொல்லும். உள்ளே மறுபடி ஒரு "கீச்". மூன்று வாரம் வாயே திறக்காமல் கிடந்த கோழி இப்போது விடாமல் பேசும்.

ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இவ்வளவு நேரமா என்று நாம் ஓட்டைப் பிய்த்துவிட்டால் ரத்தக்குழாய் கிழிந்து குஞ்சு போய்விடும். மஞ்சள் கரு இன்னும் வயிற்றுக்குள் உறிஞ்சப்படாமல் இருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் கஷ்டமான வேலை, அதைச் செய்யுங்கள். வந்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம். அந்த மஞ்சள் கருவே ஒரு நாளுக்கு மேல் தாங்கும். அதனால்தான் மிச்ச முட்டை பொரியும்வரை தாயால் இறங்காமல் உட்கார முடிகிறது. முதல் குஞ்சு வந்து இரண்டு நாள் ஆகியும் பொரியாததை எடுத்துவிடலாம்.

தாயும் குஞ்சுகளும்

குஞ்சுகளுக்குப் பல்பு வேண்டாம், தாயின் சூடு போதும். குஞ்சுத் தீவனம் வாங்கிப் போடுங்கள். கிடைக்காத நாளில் பொடியாக உடைத்த குருணையும் கம்பும் போடலாம். முட்டைக்கோழித் தீவனத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள். ஒரு விரல் ஆழத் தண்ணீரே குஞ்சை மூழ்கடிக்கும்.

முதல் மூன்று வாரம் வெளியே விடும்போது பஞ்சாரக் கூடையால் மூடி வைப்பது நல்லது. மீன் கழிவுக்காக நம் வானத்தில் எந்நேரமும் பருந்து வட்டமிடுகிறது, காக்கையோ மாடிச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கிறது. தாய் சண்டை போடும்தான், ஆனால் எட்டுக் குஞ்சையும் ஒரே நேரத்தில் காக்க அதனால் முடியாது.

குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் ராணிக்கெட் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 4-ஆம் வாரம் அதே நோய்க்கு லசோட்டா என்ற தடுப்பு மருந்து, தண்ணீரில் கலந்து. 8-ஆம் வாரம் இறக்கையில் ஊசி. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒரு குப்பியைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும் என்பதால், தெருவில் கோழி வைத்திருக்கும் நான்கு பேர் சேர்ந்து போவது எல்லாருக்கும் வசதி. பிப்ரவரியில் கோழிக் கழிச்சல் (ராணிக்கெட்) தடுப்பூசி முகாம் நடக்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒரு நாள் தாய் குஞ்சுகளைக் கொத்தித் துரத்தும். ராத்திரி தனியாக மேலே ஏறி அடையும். குஞ்சுகள் கீழே கத்தும். சேர்த்துவைக்க முயலாதீர்கள். அடுத்த சில நாளில் அதன் கொண்டை மறுபடி சிவந்து வரும், பழைய பெட்டியை எட்டி எட்டிப் பார்க்கும். அதற்கு முன்பே பழைய வைக்கோலை எரித்துவிட்டு, பெட்டியை வெயிலில் காயவைத்து, புது மணல் போட்டு வையுங்கள்.